கால் தப்பு

மனைவி: கடையில இந்தப் போட்டுக் காட்டுற ரூமுக்குள்ள வந்தாச்சு, சோபாவுல உக்காந்தாச்சு, ஏசியும் நல்லா இருக்கு. இப்பவாவது சொல்லுங்க. இந்த ஸ்பீக்கர் பெட்டி எதுக்கு நமக்கு?

மாஸ்டர்: எதுக்குன்னா... செய்தி கேக்க.

மனைவி: செய்திய ஏழு பக்கத்துலேர்ந்து கேக்கணுமா?

கடைக்காரர்: மேடம், இந்த ரிசீவர்ல ஏழு ஸ்பீக்கர் வரைக்கும்...

மனைவி: நீங்க கொஞ்சம் இருங்க தம்பி. நான் அவரக் கேக்குறேன்.

மாஸ்டர்: ஆட்டம் பாக்கும்போது மைதானத்துலயே உக்காந்திருக்கற மாதிரி இருக்குமாம்.

மனைவி: ரிட்டயர் ஆகுற வரைக்கும் மைதானத்துலதானே நின்னீங்க? ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா வெயில்ல காஞ்சது போதலியா, வீட்டுக்குள்ளயும் மைதானம் வேணுமா?

மாஸ்டர்: பாதி விலைக்குத் தர்றாங்க. அதையும் பாரு.

மனைவி: பாதி விலைன்னு பல் டாக்டர் சொன்னா நல்ல பல்லையும் பிடுங்கிட்டு வருவீங்களா?

மாஸ்டர்: உன்கிட்ட பேசி...

மனைவி: ஏன் தம்பி, பாதி விலைக்குத் தர்றீங்கன்னா அதுல என்ன கோளாறு?

கடைக்காரர்: கோளாறே இல்ல மேடம். இங்க போட்டுக் காட்டறதுக்கு வெச்சிருந்த பீஸ். மேல ஒரு கீறல் இருக்கு, அட்டைப்பெட்டி இல்ல, அவ்வளவுதான். ரிமோட் புதுசு. வாரண்டியும் முழுசா உண்டு.

மனைவி: சரி, இந்தப் பெட்டி என்னதான் பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

கடைக்காரர்: படத்துல வர்ற சத்தத்தைப் பிரிச்சு, எந்த ஸ்பீக்கர் எப்ப பேசணும், எது வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு உத்தரவு போடும்.

மனைவி: அட, இதுவும் டிரில் மாஸ்டரா? வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே.

மாஸ்டர்: ரொம்ப சிரிப்பு வருதோ...

மனைவி: அதையும்தான் பாதி விலைக்குக் குடுத்தாங்க. எங்கப்பா ஏமாந்துட்டாரு.

கடைக்காரர்: ஹ... மன்னிச்சுக்குங்க சார்.

மாஸ்டர்: நீங்க சிரிங்க தம்பி, பரவால்ல. ஆமா, ஷூ புதுசா?

கடைக்காரர்: ஆமா சார், நேத்துதான் வாங்கினேன்... எப்படித் தெரியும்?

மாஸ்டர்: வலது குதிகால் கடிக்குது. வெளிய டைல்ஸ் மேல நீங்க வரும்போதே கேட்டுது. குதிகால வெக்காம பாதத்தாலயே ஒப்பேத்துறீங்க.

கடைக்காரர்: அடேங்கப்பா. ஆமா சார், கொப்புளமே போட்டிருக்கு.

மனைவி: ஆரம்பிச்சாச்சு. நடைய வெச்சே ஆள் யாருன்னு சொல்லிடுவாரு தம்பி. தெருவுல போறவன், மாடியில இருக்கறவன், பால் போடறவன், எல்லார் நடையும் மனப்பாடம்... ஒரே ஒருத்தரோடதத் தவிர.

மாஸ்டர்: அது யாரு, எனக்குத் தெரியாத நடை?

மனைவி: யாரோ.

மாஸ்டர்: இதே வேலையாத்தானே இருந்தேன். முந்நூறு பசங்க மார்ச் பாஸ்ட் போவானுங்க. ஒருத்தன் கால மாத்தி வெச்சாலும் கண்ண மூடிட்டே கண்டுபிடிப்பேன். 'கால் தப்பு'ன்னு ஒரு குரல் குடுத்தா போதும், அவனவன் சரி பண்ணிக்குவான்.

கடைக்காரர்: எங்க மாஸ்டரும் அப்படித்தான் சார் கத்துவாரு. எனக்கு எப்பவுமே கால் தப்பும்.

மாஸ்டர்: புதுசா வர்ற எல்லாருக்கும் தப்பும். ஏன் தெரியுமா? எதுக்க நிக்கிற என்னைப் பாத்துப் போடுவானுங்க. என் இடது கால் அவனுக்கு வலது பக்கம்தானே தெரியும்? அதனால நான் வலது கால எடுத்துக்கிட்டு 'லெஃப்ட்'னு கத்துவேன்.

மனைவி: பேச்ச மாத்தாதீங்க. எதுக்கு இந்தப் பெட்டின்னு கேட்டேன்.

மாஸ்டர்: பாட்டு கேக்க...

மனைவி: பாட்டா? பக்கத்து வீட்ல பாட்டு போட்டா ஜன்னலச் சாத்துற ஆளு நீங்க.

கடைக்காரர்: மேடம், நான் அவசரப்படுத்தல. ஆனா இருக்கறது இது ஒண்ணுதான். காலையில ஒருத்தர் பாத்துட்டு, சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. இப்பகூட போன் பண்ணாரு.

மாஸ்டர்: அவருக்குக் குடுத்துடாதீங்க.

மனைவி: பாருங்க, பதறுறத. இதோ பாருங்க, நானும் பிடிவாதம் பிடிக்கல. காரணத்தச் சொல்லுங்க. செய்தி, ஆட்டம், பாட்டு இதெல்லாம் வேணாம். நிஜக் காரணம். சொன்னா இப்பவே தலையாட்டறேன்.

மாஸ்டர்: எல்லாத்துக்கும் ஒரு காரணம் சொல்லணுமா...

மனைவி: இதுக்கு சொல்லணும். ஞாயித்துக்கிழமை பாப்பா வர்றா.

மாஸ்டர்: வரட்டும். அதுக்கும் இதுக்கும் என்ன?

மனைவி: ஒண்ணுமே இல்லியா? அவ இந்த வேலையில சேந்த அன்னிக்கு வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க? 'செருப்ப மாட்டிக்கிட்டு மைக் முன்னாடி நடக்கறதுக்கு ஒரு சம்பளமா'ன்னு. பொண்ணு செருப்பக்கூட சரியா மாட்டாம பஸ் ஏறிப் போனா. அதுக்கப்புறம் சாப்டியா, தூங்கினியா, ஏசில இருக்காதன்னு எல்லாம் கேக்குறீங்க. வேலையப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

மாஸ்டர்: வீட்டுக்கதைய கடையில வெச்சுப் பேசணுமா?

மனைவி: வீட்ல பேசினா செய்தி போட்டுக்கறீங்களே.

கடைக்காரர்: மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க... மைக் முன்னாடி நடக்கறதுன்னா?

மனைவி: படத்துல ஆளுங்க நடக்கறது, தாழ்ப்பாள் போடறது, துணி உரசறது, டம்ளர வெக்கறது, இதெல்லாம் படம் எடுக்கும்போது சரியா பதியாதாம். அதனால ஒரு ரூம்ல படத்த ஓடவிட்டு, அதைப் பாத்துக்கிட்டே அதே மாதிரி நடந்து, உரசி, சத்தத்த மட்டும் தனியாப் பிடிப்பாங்க. அதான் எங்க பொண்ணு வேலை. ஒரு அலமாரி நெறய செருப்பும் ஷூவும் வெச்சிருக்கா. கிழவி நடை, போலீஸ் நடை, திருடன் நடை, எல்லாம் அவதான்.

கடைக்காரர்: இப்படி ஒரு வேலை இருக்கா? எந்தப் படத்துல செஞ்சிருக்காங்க?

மனைவி: கடைசியா வந்துச்சே, ஒரு இருட்டு வீடு, சின்னப் பொண்ணு ஒருத்தி தனியா மாட்டிக்குவா...

கடைக்காரர்: மேடம்... அந்தப் படமா? போன வாரம் நெட்ல வந்ததுலேர்ந்து, இந்த ரூம்ல உக்காற எல்லாரும் அதத்தான் போடச் சொல்றாங்க. காலையில வந்தவரும் அந்த வராந்தா சீனக் கேட்டுட்டுத்தான் பெட்டிய எடுத்து வெக்கச் சொன்னாரு. அது உங்க பொண்ணா?

மனைவி: எங்க பொண்ணுதான்.

கடைக்காரர்: சார், நீங்க சொல்லவே இல்லியே.

மாஸ்டர்: என்ன சொல்றது... அவ வேலைய அவ செய்யிறா.

மனைவி: அவரு படமே பாக்கல தம்பி. பாக்க மாட்டேன்னுட்டாரு. நானும் பாப்பாவும்தான் போனோம்.

கடைக்காரர்: அப்போ இப்ப பாருங்க சார். இந்தப் பெட்டியிலயே போடறேன். லைட்ட அணைக்கறேன்... எங்கேர்ந்து வெக்கட்டும்?

மாஸ்டர்: கொஞ்சம் தள்ளி வைங்க. இன்னும் கொஞ்சம்... அந்தக் குழந்தை கட்டிலுக்கடியில போய் வாயப் பொத்திக்கும் பாருங்க, அங்கேர்ந்து. என்னடி, அப்படிப் பாக்குற?

மனைவி: படமே பாக்கலன்னீங்க?

மாஸ்டர்: டிரெய்லர்ல வந்துச்சு.

கடைக்காரர்: டிரெய்லர்ல அந்த சீன் இல்லியே சார்.

மாஸ்டர்: தம்பி, உங்களுக்கு வியாபாரம் நடக்கணுமா வேணாமா?

மனைவி: அவர ஏன் மிரட்டுறீங்க? காலாற நடந்துட்டு வரேன், காலாற நடந்துட்டு வரேன்னு செருப்ப மாட்டிட்டுப் போனீங்களே, அது தியேட்டருக்குத்தானே?

மாஸ்டர்: ஒரே ஒரு தடவ.

மனைவி: ஒரே தடவயா? உங்க சட்டைப் பையில கெடந்த டிக்கெட்டெல்லாம் துவைக்கும்போது கூழாப் போச்சு. ஒவ்வொரு தடவையும் நான்தான் வழிச்சு எடுத்தேன்.

மாஸ்டர்: அப்பவே தெரியுமா உனக்கு? ஏன் கேக்கல?

மனைவி: நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

மாஸ்டர்: சரி... நாலு தடவ.

மனைவி: அம்மாடி. கல்யாணம் ஆனதுலேர்ந்து என்ன நாலு படத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல.

மாஸ்டர்: அந்தச் சத்தம் சரியா கேக்கலடி... ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துலதான் எவனாவது இருமுறான். இல்லன்னா பேப்பர் பையக் கசக்கறான். டிவியில கேட்டா மொட்டையா டொக்கு டொக்குங்குது. எனக்கு அந்த முதல் அடி கேக்கணும்.

மனைவி: முதல் அடியா? எதுக்கு?

மாஸ்டர்: எதுக்கோ.

மனைவி: மறுபடியும் எதுக்கோவா... தம்பி, லைட்டப் போடுங்க. நாங்க கெளம்பறோம்.

மாஸ்டர்: இரு. இரு, சொல்றேன். உக்காரு.

மனைவி: சொல்லுங்க.

மாஸ்டர்: படம் முடிஞ்சா எல்லாரும் எழுந்து போயிடறாங்க. பேரெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். நான் உக்காந்திருப்பேன். பெருக்க வர்ற அம்மா, 'எழுந்திரிங்க சார், முடிஞ்சுபோச்சு'ம்பாங்க. 'இன்னும் என் பொண்ணு பேர் வரலம்மா'ன்னு சொல்லுவேன். கடைசியில வரும். பொடி எழுத்து, கண்ணச் சிமிட்டினா போயிடும். அந்தம்மாவும் தொடப்பத்த வெச்சுட்டுப் பாப்பாங்க. அது வரும்போது நான் எழுந்து நிப்பேன்.

மனைவி: எழுந்தா?

மாஸ்டர்: அட்டென்ஷன்ல.

மனைவி: இதை... இதைப் போய் மறைச்சு வெச்சுக்கிட்டு...

மாஸ்டர்: எனக்குப் பெருமையா இருக்கு. போதுமா? என் பொண்ண நெனச்சா நெஞ்சு நிமிருது. ஆனா அன்னிக்கு சொன்ன வார்த்தைய எப்படி வாய்க்குள்ள திருப்பி வாங்கறதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை அவ வரும்போது வீட்ல நாலு பக்கமும் ஸ்பீக்கர் இருந்தா... அவ சத்தம் எங்கெங்க வரணுமோ அங்கங்க வந்தா... அவளுக்கே புரிஞ்சுடும்ல. நான் ஒண்ணும் சொல்ல வேணாம்ல.

மனைவி: தம்பி.

கடைக்காரர்: மேடம்?

மனைவி: அந்த போன் பண்ணவருகிட்ட வித்துப்போச்சுன்னு சொல்லிடுங்க.

கடைக்காரர்: ரொம்ப சந்தோஷம் மேடம். சார், இப்ப சீனப் போடட்டுமா?

மாஸ்டர்: போடுங்க. யாரும் இரும வேணாம்.

கடைக்காரர்: இதோ... குழந்தை ஒளிஞ்சாச்சு... இப்ப பின்பக்கத்துலேர்ந்து வரும் பாருங்க.

மாஸ்டர்: ஷ்... முதல் அடி. விழுந்துச்சு... ம்... ம்... பின்னாடி இடது மூலை... இப்ப பக்கத்துல வந்தாச்சு... சுவர ஒட்டி வர்றான்... முன்னாடி வந்தாச்சு. நின்னுட்டான்.

கடைக்காரர்: எத்தன தடவ கேட்டாலும் இந்த இடத்துல எனக்கு ஒரு மாதிரி ஆயிடும் மேடம். அதுவரைக்கும் பயந்துக்கிட்டே இருப்போம். இந்த நடை வந்ததும், அப்பாடா, அவங்கப்பா வந்துட்டாருன்னு... மூஞ்சியே காட்ட மாட்டாங்க, நடை மட்டும்தான்.

மனைவி: ஆமா தம்பி.

மாஸ்டர்: இன்னொரு தடவ போடுங்க. முதல் அடி மட்டும்.

கடைக்காரர்: இதோ.

மாஸ்டர்: ம். நெனச்சேன். கால் தப்பு.

மனைவி: என்னது?

மாஸ்டர்: மத்ததெல்லாம் பிரமாதம். தாழ்ப்பாள், மூச்சு, மரப்படி, ஒண்ணுத்துலயும் குறை சொல்ல முடியாது. இந்த நடையில மட்டும் கால் தப்பு. ஒரு கால் இழுக்குது பாரு.

மனைவி: கால் தப்புதானே? முக்கால் சரியாத்தானே இருக்கு?

மாஸ்டர்: விளையாடாத. ஞாயித்துக்கிழமை அவகிட்ட சொல்லணும்.

மனைவி: ஐயோ, இத்தன வருஷம் கழிச்சு அவ வேலையப் பத்தி வாயத் தெறந்து அவகிட்ட சொல்லப் போற முதல் வார்த்தையே இதுவா?

மாஸ்டர்: தப்புன்னா தப்புதான். பில்ல எங்க போடணும் தம்பி?

கடைக்காரர்: வெளிய, கவுண்டர்ல சார். நீங்க போங்க, நான் வயரெல்லாம் கழட்டிட்டுப் பெட்டிய எடுத்துட்டு வரேன்.

மாஸ்டர்: கீறல் விழாம எடுங்க. ஒரு கீறல் போதும்.

கடைக்காரர்: சரி சார்... என்ன மேடம், வாங்கியாச்சு, முகம் வாடிப்போச்சே?

மனைவி: ஒண்ணுமில்ல தம்பி. நீங்க கழட்டுங்க.

கடைக்காரர்: இது முன்பக்கத்து வயரு... இது பின்பக்கம்... ஆச்சு. அட, என்ன இது?

மனைவி: என்ன ஆச்சு?

கடைக்காரர்: கரண்ட்டையே பிடுங்கிட்டேன் மேடம். அந்த நடை இன்னும் கேக்குதே?

மனைவி: மெதுவாப் பேசுங்க. கதவு வழியா எட்டிப் பாருங்க.

கடைக்காரர்: வெளிய யாரும் இல்லியே... சார்தான் கவுண்டருக்குப் போறாரு.

மனைவி: ஆமா.

கடைக்காரர்: மேடம்... அதே நடை. அந்த இழுப்பு... உள்ள கம்பளத்துல தெரியல. டைல்ஸ்ல நல்லாக் கேக்குது.

மனைவி: பாப்பா சின்னப் பொண்ணா இருக்கும்போது, ஸ்கூல்ல கயிறு ஏறின பையன் ஒருத்தன் பாதியில பயந்துட்டான். அவன இறக்கப் போய் இவரு விழுந்துட்டாரு. அதுலேர்ந்து அந்தக் கால் அப்படித்தான். கால் இழுக்குற டிரில் மாஸ்டர்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு, நிமிந்து நிமிந்து நடந்து மறைச்சிட்டாரு. மறைச்சிட்டதா நெனச்சுக்கிட்டிருக்காரு. நாங்களும் கவனிக்காத மாதிரியே இருந்துட்டோம்.

கடைக்காரர்: அப்போ படத்துல...

மனைவி: டைரக்டர் கேட்டாராம், 'கேட்ட உடனே இனி பயமில்லன்னு தோணணும், அப்படி ஒரு நடை வேணும்'னு. இவ என்னென்னவோ ஷூ போட்டு நடந்து பாத்திருக்கா, எதுவும் சரிப்படல. கடைசியில கண்ண மூடிக்கிட்டு, அப்பா ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வர்ற மாதிரி நடந்தாளாம். டைரக்டர் அதுக்கப்புறம் இன்னொண்ணு கேக்கவே இல்லியாம்.

கடைக்காரர்: மேடம்... சாருக்குத் தெரியாதா?

மனைவி: 'நீ சொல்லக் கூடாதும்மா, ஊர்ல எல்லார் நடையும் தெரியுதுல்ல, இதையும் அவரே கண்டுபிடிக்கட்டும்'னு சத்தியம் வாங்கிட்டா. ஞாயித்துக்கிழமை அதைக் கேக்கத்தான் ஆசையா வர்றா. இவரு என்னடான்னா, தப்புங்கறாரு... வர்றாரு, வர்றாரு. பேசாதீங்க.

மாஸ்டர்: பில் போட்டாச்சு. என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

மனைவி: ஒண்ணுமில்ல. என்னங்க... ஒண்ணு கேட்டா செய்வீங்களா?

மாஸ்டர்: என்ன, இவ்வளவு பணிவு?

மனைவி: பாப்பாகிட்ட நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அந்த நடை தப்புன்னு சொல்லாதீங்க. அவ தாங்க மாட்டா.

மாஸ்டர்: அதெப்படி? தெரிஞ்சுக்கிட்டே எப்படி விடறது? டிரில்ல யாரா இருந்தாலும் எடுத்து வெக்கிற முதல் அடி இடது கால். அத நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன், நடக்க ஆரம்பிச்ச வயசுல. படத்துல அந்த முதல் அடி சுத்தமா விழுது. அதுக்கடுத்த அடிதான் இழுக்குது. அப்போ இழுக்குறது எந்தக் கால்?

மனைவி: வலது கால். எதுவா இருந்தா என்னங்க?

மாஸ்டர்: எனக்கு இழுக்குறது இடதுடி.

மனைவி: என்னங்க...

மாஸ்டர்: அவ மேலயும் குத்தமில்ல. எதுக்க நின்னு பாத்துப் பழகினா கால் மாறித்தான் போகும். நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அவ வாசல்ல எனக்கு எதுக்கதானே நின்னுக்கிட்டிருப்பா...